நாலாவது மூலை

டெல்மர் க்ரூஸின் தகரக் கொட்டகை, அதனடியில் நின்றிருந்த கேரவன், கேரவனுக்குள் காப்பி போட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி லவோன், மூன்றும் ஒரு மார்ச் மாதத்து வியாழக்கிழமை காலையில் தரையை விட்டுக் கிளம்பி, ஊர்த் தண்ணீர்த்தொட்டி உயரத்துக்குப் போய் நின்றுகொண்டன. அந்த வாரம் கோதுமை விலை இறங்கியது. கொட்டகை இறங்கவில்லை. நாலு மூலையில் மூன்று பிய்ந்து போயிருந்தன; நாலாவது மூலையின் இரும்பு வடம் மட்டும் விறைத்து நின்று, முரட்டுக் காளையைக் கயிற்றில் பிடித்த மாதிரி எல்லாவற்றையும் பிடித்து வைத்திருந்தது. ஒக்லஹோமாவின் மேற்குக் கோடியில் இருக்கும் எங்கள் கிம்ப்ரோவில் காற்று எதைத் தூக்கினாலும் யாரும் வாய் பிளப்பதில்லை. கோழிக்கூடு போகும், கொடிக்கம்பம் போகும். ஒரு தடவை பாப்டிஸ்ட் தேவாலயத்துப் பியானோ கிளம்பிப் போய் பக்கத்து ஊர் மெதடிஸ்ட் தேவாலயத்துக்காரர்களிடம் இறங்கியது. இன்றுவரை அவர்கள் அதைத் திருப்பித் தரவில்லை. ஆனாலும் மனுஷி உள்ளே இருக்கும்போது தூக்கியது அதுதான் முதல் தடவை.

டெல்மர் தலை நரைக்கும்வரை தானியக் கிடங்கில் எடைமேடைக்காரராக இருந்தவர். லவோன் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை பார்த்தவள். இரண்டு பேரும் ஓய்வு பெற்றதும் சேமிப்பையெல்லாம் போட்டு அந்தக் கேரவனை வாங்கினார்கள். லவோன் கடலைப் பார்த்ததே இல்லை. அவள் பார்த்ததிலேயே பெரிய தண்ணீர், மழை பெய்தால் நெடுஞ்சாலைப் பாலத்தடியில் தேங்கி நிற்பதுதான். அடுத்த வசந்தத்தில் மேற்கே போய் கடலைப் பார்த்துவிடுவது என்று பேச்சு. அப்போது டெல்மர் சொன்னார், ஆலங்கட்டி மழையில் கேரவனின் கூரை அம்மைத் தழும்பாகிவிடும், முதலில் அதற்கு ஒரு கொட்டகை வேண்டும் என்று. நியாயமான பேச்சு. கொட்டகை வந்தது. பிறகு மணல் அடிக்கிறதே என்று மூன்று பக்கமும் தகரம் அடைக்க வேண்டியிருந்தது. பிறகு பெட்ரோல் விலை இறங்கட்டும் என்றார். கிளம்பாமல் இருக்க ஒரு மனிதருக்கு எத்தனை சாக்குப்போக்கு கிடைக்கும் என்று தெரிய வேண்டுமானால் டெல்மரைக் கேட்டால் போதும். உண்மையில் அவருக்குப் பயம். கிம்ப்ரோவைத் தாண்டினால் தன் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் இருக்காதே என்று. அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கம்.

எங்கள் ஊரில் கொட்டகை போடுகிறவர் நாலு பேர் வீட்டுக்குப் போய், தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, ‘மூலை பிடிக்க வா’ என்று கேட்க வேண்டும். நாலு பேரும் வந்து ஆளுக்கொரு மூலையில், திருகாணி மாதிரி சுற்றி இறக்கும் திருகு நங்கூரத்தை மண்ணுக்குள் இறக்கி, தூணை அதோடு இரும்பு வடத்தால் கட்டுவார்கள். அன்றிலிருந்து அது அவனவன் மூலை. ஒவ்வொரு பெருங்காற்றுக்குப் பிறகும் மூலைக்காரன் வந்து தூணை ஒரு உதை உதைத்துப் பார்த்து, அரைச் சுற்று இறுக்கிவிட்டுப் போவான். அவன் மூலையை அவனைத் தவிர யாரும் கழற்றக் கூடாது. நங்கூரம் இறக்கிய அன்று வீட்டுக்காரர் பீன்ஸும் சோளரொட்டியும் போடுவார். போடுவதற்கு முன்னால் எழுந்து நின்று, இந்தக் கொட்டகையை எதற்காகக் கட்டினேன் என்று நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டும். சொன்னால் சொன்னதுதான். டெல்மர் எழுந்து நின்றால் கடலுக்குப் போவதைச் சொல்ல வேண்டியிருக்கும். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே தேவாலயத்து வாசலில் என்றைக்குக் கிளம்புகிறாய் என்று ஆள் மாற்றி ஆள் கேட்பார்கள். அதனால் அவர் யாரையும் கூப்பிடவில்லை.

கொட்டகை விற்றவன் இனாமாகக் கொடுத்த இரும்புக் கம்பிகளைத் தானே சம்மட்டியால் அடித்து இறக்கினார். முழங்கை ஆழத்தில் எங்கள் மண்ணின் சுண்ணாம்புப் பாறை தட்டியது. கம்பி அதற்குமேல் இறங்கவில்லை. மிஞ்சியதை ரம்பத்தால் அறுத்து, மேலே மூடி போட்டு, ஆழமாக இறங்கிய மாதிரி ஆக்கிவிட்டார். மனசு கேட்காமல், ஒரு சங்கிலியை எடுத்துக் கொட்டகைத் தூண்களைக் கேரவனின் அடிச்சட்டத்தோடு சேர்த்துக் கட்டினார். அத்தனை கனமான வண்டி கொட்டகையைப் பிடித்துக்கொள்ளும் என்பது அவர் கணக்கு. காற்றுக்கு வேறு கணக்கு இருந்தது.

ராய்ஸ் பெட்டிட், ஆழ்துளைக் கிணறு தோண்டுகிறவர், டெல்மரோடு படித்தவர், வழியில் வண்டியை நிறுத்திப் பார்த்தார்.

“டேய், மூணு பக்கம் அடைச்சு ஒரு பக்கம் தொறந்து வெச்சா அதுக்குப் பேரு கொட்டகையா? கோணிப்பைடா. உள்ள பூந்த காத்து எந்தப் பக்கம் போவும்?”

“உன்ன யாராவது கூப்பிட்டாங்களா?”

“கூப்பிடலங்கறதாலதான் வந்தேன்.”

டெல்மர் ஆணி வாங்க ஊருக்குள் போயிருந்த நேரம் பார்த்து ராய்ஸ் தன் துளைப்பு வண்டியைக் கொண்டுவந்து, பாறையை உடைத்து, தென்மேற்கு மூலையில் ஒரு திருகு நங்கூரத்தை ஆழமாக இறக்கி வடம் கட்டினார். டெல்மர் திரும்பி வந்து கத்தினார். ராய்ஸ் கையைத் துடைத்துக்கொண்டே, “கத்து. இது என் மூலை. எனக்கு பீன்ஸ் கூட வேண்டாம்” என்று சொல்லிவிட்டுப் போனார். மற்ற மூலைகளையும் போட விடாமல் டெல்மர் வாசலில் குறுக்கே நின்றார்.

கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு லவோன் தன் துணிமணி, தலையணை, காப்பிப் பாத்திரம் எல்லாவற்றையும் கேரவனுக்குள் மாற்றிக்கொண்டாள். “நான் கெளம்பிட்டேன். நீ எப்ப வர்றியோ வா” என்றாள். வீட்டுக்கும் கொட்டகைக்கும் நடுவே கூப்பிடு தூரம்தான். டெல்மர் அதை விளையாட்டு என்று எடுத்துக்கொண்டார். மார்ச் வந்தது, காற்றும் வந்தது. அவர் சமையலறை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருக்கும்போதே கொட்டகை ஒரு பெருமூச்சு விட்டு எழும்பியது. சங்கிலி கேரவனையும் கூடவே இழுத்துக்கொண்டு போனது. ஓடிப்போய் அண்ணாந்து பார்த்தவருக்கு முதலில் கண்ணில் பட்டது மூன்று தூண்களின் அடியில் தொங்கிய அந்தக் குட்டைக் கம்பிகள்தான். ஊரே கூடி வந்து அதைத்தான் பார்த்தது. டெல்மர் தொப்பியை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

தீயணைப்பு வண்டியின் ஏணி எட்டவில்லை. டிராக்டரில் கட்டி வடத்தை இழுத்துப் பார்த்தார்கள். கொட்டகை கீழே வருவதற்குப் பதில் முற்றம் மேலே வந்தது. பிசைந்து வைத்த மாவு உப்புவது மாதிரி மண் எழும்பி, வேலி சாய்ந்து, கிணற்றுக் குழாய் முனக ஆரம்பித்ததும் ராய்ஸ் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். கடைசியில் காற்றாலைக்காரர்களின் பெரிய கிரேனைக் கெஞ்சிக் கூட்டி வந்தார்கள். அது எட்டியது. கூடைக்குள் இருந்த ஆள் கையை நீட்டினான். லவோன் அவனுக்கு ஒரு குவளை காப்பி கொடுத்து அனுப்பிவிட்டாள்.

“எறங்கி வா லவோன்!” டெல்மர் கீழேயிருந்து கத்தினார்.

“வந்தா என்ன பண்ணுவ?”

“இன்னும் கெட்டியா ஒரு கொட்டகை போடுறேன்!”

அவள் ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.

அதன்பின் வருஷங்கள் போயின. ராய்ஸ் ஒரு கப்பி மாட்டிக் கொடுத்தார். அதில் ரொட்டியும் முட்டையும் எரிவாயு உருளையும் மேலே போயின, காலி பாத்திரம் கீழே வந்தது. தண்ணீர் ரப்பர் குழாயில் ஏறியது. கழிவுத்தொட்டி விவகாரத்தை எப்படிச் சமாளித்தார்கள் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும், எழுதுவதற்கில்லை. கொட்டகையைக் கட்டடம் என்று எழுதுவதா வாகனம் என்று எழுதுவதா என வரி அலுவலகத்தில் விவாதித்து, கடைசியில் மரம் என்று எழுதினார்கள். மருந்து தெளிக்கும் விமானக்காரன் அதைச் சுற்றிக்கொண்டு போகப் பழகினான். வடக்கத்திக் காற்று அடித்தால் லவோன் பேசுவது டெல்மருக்குத் தெளிவாகக் கேட்கும். தெற்கத்திக் காற்றானால் அவள் பேச்சு எல்லை தாண்டி கன்சாஸில் ஒரு சலூனில் போய் விழும். அந்த முடிதிருத்துகிறவர் தொலைபேசியில் கூப்பிட்டு, “உங்க வீட்டம்மா உப்பு தீந்துபோச்சுன்னு சொல்றாங்க. அப்புறம் உங்கள ஒரு வார்த்தை திட்டுனாங்க. அத நான் சொல்ல மாட்டேன்” என்பார்.

டெல்மருக்கு மட்டும் இது பழகவில்லை. ஒவ்வொரு மார்ச்சிலும் அவர் ராத்திரி எழுந்து வந்து வடத்தைத் தொட்டுப் பார்த்தார். வடம் அறுந்தால் லவோன் போய்விடுவாள், அவ்வளவுதான் அவர் உலகம். வறட்சி வந்த வருஷம் இன்னொன்றையும் கண்டுபிடித்தார். காற்றில் கொட்டகை மெல்லச் சுழல்கிறது, எப்போதும் ஒரே பக்கமாக. அது சுழலச் சுழல நங்கூரமும் மண்ணுக்குள் சேர்ந்து சுழன்று, கழன்று, ஒரு விரல்கடை மேலே வந்துவிடுகிறது. ராய்ஸ் தன் மூலையை இறுக்க வந்து இறுக்கிக் களைத்துவிட்டு, “நீயும் இறுக்குடா, நான் அனுமதிக்கிறேன்” என்றார். அன்றிலிருந்து விடிந்ததும் டெல்மர் நங்கூரத்தின் தலையில் இருந்த கண்ணியில் கடப்பாரையைக் கொடுத்து, செக்கு மாடு மாதிரி சுற்றிச் சுற்றி வந்து, காற்று கழற்றியதைத் திரும்ப இறுக்கினார். காற்று அதிகம் என்றால் மத்தியானமும் ஒரு தடவை. உள்ளங்கை காய்த்தது. ஒருநாள் கால் தடுக்கிக் கடப்பாரையோடு விழுந்து, எழுந்திருக்க முடியாமல் மல்லாந்து கிடந்தார். மேலே ஜன்னல் திறந்தது. நல்லவேளையாக வடக்கத்திக் காற்று.

“அடி பட்டுச்சா?”

“இல்ல.”

“பொய் சொல்லாத, கெழவா. இங்கேருந்து பாத்தா எல்லாம் தெரியுது.”

“முட்டியில. கொஞ்சம்.”

“எதுக்கு இந்த மாரடிப்பு? விட்டுடு டெல்மர்.”

“விட்டா நீ போயிடுவ.”

“போறதுக்குத்தானே வாங்குனோம்?”

டெல்மர் மல்லாந்தபடியே அழுதார். எத்தனையோ காலமாக அவர் அழுததில்லை.

“சரி” என்றார் கடைசியில். “நானும் வர்றேன். ஆனா இங்க பெருங்காத்து எப்பவும் மேற்கேருந்துதான் அடிக்குது. அறுத்துவிட்டா கெழக்கே கொண்டுபோய்டும். கடலு மேற்கே இருக்கு. கெழக்கத்திக் காத்து வரட்டும். வந்த ஒடனே கெளம்பிடலாம். சத்தியமா.”

லவோன் ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

“ஏன்யா, கெழக்கே கடல் இல்லையா?”

கிழக்கேயும் கடல் இருக்கத்தான் செய்தது. டெல்மர் கடப்பாரையை ஊன்றி எழுந்து, முட்டியைத் தேய்த்துக்கொண்டு, தொப்பியைத் தேடி எடுத்துக்கொண்டு ராய்ஸ் வீட்டுக்கு நடந்தார். வாசலில் நின்று தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

“என்னடா புதுசா மரியாத?” என்றார் ராய்ஸ்.

“உன் மூலையக் கழட்டணும்.”

ராய்ஸ் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. “கழண்டுடக் கூடாதுன்னு ரெண்டு பேரும் நாயா ஒழச்சோமேடா.”

“ஆமா. அவ கேட்டது அது இல்லையாம்.”

“ஒனக்குப் பயமா இல்ல?”

“இருக்கு. ரொம்ப இருக்கு.”

ராய்ஸ் உள்ளே போய், கிணற்றுக்குள் ஆளை இறக்கும் பலகையையும் வாரையும் எடுத்து வந்தார். மறுநாள் காலை அதைக் கப்பிக் கயிற்றின் அடியில் கட்டி, டெல்மரை உட்கார வைத்து, இடுப்போடு இறுக்கிக் கட்டினார். டெல்மர் வீட்டுக் கதவைப் பூட்டினோமா என்று கேட்டார். பூட்டியாகிவிட்டது. அடுப்பு? அணைத்தாகிவிட்டது. ராய்ஸ் அதற்குமேல் காது கொடுக்காமல் கடப்பாரையைக் கண்ணிக்குள் விட்டு எதிர்ப்பக்கமாகச் சுற்ற ஆரம்பித்தார். காற்றும் கூடச் சேர்ந்து திருப்பியது. பாறைக்கடியில் அத்தனை வருஷம் இருந்த நங்கூரம், பல் பிடுங்கும் சத்தத்தோடு வெளியே வந்தது.

“டேய், ஆடுதுடா!” என்று கத்தினார் டெல்மர், வேலி உயரத்தில்.

“காத்துல தொங்குறது ஆடாம என்ன பண்ணும்? கண்ண மூடிக்கடா!”

அவர் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. லவோன் கப்பிக் கயிற்றை இழுத்து அவரைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றினாள். ஜன்னல்வரை வந்ததும் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்தாள். தென்மேற்குக் காற்று அப்போது சீராக அடித்ததால், அவள் அவரிடம் முதலில் சொன்னது கன்சாஸ் சலூனில் எல்லோர் காதிலும் விழுந்தது. பூட்ஸைக் கழட்டிட்டு உள்ள வா, இப்பத்தான் தரை துடைச்சேன் என்றாளாம்.

கொட்டகை தானியக் கிடங்கைத் தாண்டிச் சின்னதாகும்வரை ராய்ஸ் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, கன்றுக்குட்டி ஏதாவது காலை விட்டு ஒடித்துக்கொள்ளும் என்று அந்தக் குழியில் மண்ணைத் தள்ளி மூடி, மிதித்து, வீட்டுக்குப் போனார். அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் க்ரூஸ் தம்பதி எங்கே என்று கேட்டார்கள். “கெழக்கே போயிருக்காங்க” என்றார் ராய்ஸ். இந்த மாசத்தில் அந்தப் பக்கம் நன்றாக இருக்கும் என்று யாரோ சொன்னார்கள். பிறகு எல்லோரும் எழுந்து நின்று பாட்டுப் புத்தகத்தைத் திறந்தார்கள்.