சம்பந்தியின் கண்ணில் படாமல்

1

இந்தக் கதை ஒரு புகாராகத்தான் தொடங்கியது. தெமிர்தாவ், கஜகஸ்தானின் உருக்காலை நகரம். ஆனால் எங்கள் ஐந்து மாடிக் குடியிருப்பின் சுவர்களை அட்டையில் கட்டியிருக்கிறார்கள். ஒரு வாரமாகப் பக்கத்து வீட்டில் யாரோ எதையோ அராவிக்கொண்டிருந்தார்கள். நான் பேசாமல் இருப்பதற்காகவே ஞாயிற்றுக்கிழமைகளை வைத்திருப்பவன். போய்க் கதவைத் தட்டினேன். பக்கத்து வீட்டுப் பெண் ஷினார் திறந்தாள். விரல்களில் வெண்கலத் தூள்.

"ஏம்மா, வீட்டுக்குள்ள தொழிற்சாலை நடத்துறியா?"

"கிட்டார் கம்பிய மீட்டுற பிக் செய்யிறேண்ணே. ஒரு நிமிஷம் கேட்டுட்டு அப்புறம் திட்டுங்க."

கேட்டேன். திட்ட மறந்து திரும்பினேன். அதற்குத் தண்டனையாக இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

2

எழுதி அடித்த முதல் வரிகள்:

"உலோகம் பாடும் என்று அவள் உணர்ந்த அந்த—" (பாடாது. கம்பிதான் பாடும்.)

"பனி கொட்டிய ஒரு மாலையில், ஆலைப் புகையினூடே—" (அவள் அராவுவது காலை பதினொரு மணிக்கு. புகை இருந்தது உண்மை. அது எப்போதும் இருக்கிறது.)

சரி, நேராகவே சொல்கிறேன். முதலில் பிஸ்கட் டப்பாவின் மூடியை வெட்டினாள், வளைந்தது. ஸ்பூனை வெட்டினாள், கம்பியை அறுத்தது. சோவியத் காலத்து நாணயத்தை அராவினாள். மண்வெட்டியால் வாசிப்பது போலிருந்தது. பிறகு அவளுடைய இசைக்குழுவில் டிரம் வாசிக்கும் எராசில், விரிசல் விட்ட தன் வெண்கலச் சிம்பல் தட்டிலிருந்து ஒரு துண்டை வெட்டிக் கொடுத்தான். மீதித் தட்டு பழைய இரும்புக் கடைக்குப் போய், உருகியும்விட்டது; இன்னொன்று செய்ய வழியில்லை. அந்தத் துண்டை அரத்தில் தேய்த்து, உப்புத்தாளில் தேய்த்து, கடைசியில் தன் இடுப்பு பெல்ட்டின் தோலில் தேய்த்துப் பிசிறு போக்கினாள். விரல் நகத்தைவிடச் சற்றே பெரியது. கம்பியைத் தொடும்போது முதலில் ஒரு சின்னச் சீறல், அதன் பின்னால் மணியின் ஒலி.

(இந்த இடத்தில் இசையைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. நான் கிட்டார் வாசிக்கத் தெரியாதவன் என்பது அதில் நன்றாகத் தெரிந்தது.)

3

கதைக்கு ஓர் ஆபத்து வேண்டும். நான் தேட வேண்டியிருக்கவில்லை. அவளிடம் ஒன்று தயாராக இருந்தது.

வரும் சனிக்கிழமை அவள் தம்பி தாஸ்தானின் கல்யாணம். மணமேடைக்குப் பக்கத்தில் அவள் குழுதான் வாசிக்கிறது. திங்கட்கிழமை அல்மாத்தி நகரில் ஒரு பெரிய இசைக்குழு அவள் வாசிப்பைக் கேட்கப்போகிறது, பிடித்தால் சேர்த்துக்கொள்வார்கள். இரண்டுக்கும் நடுவில் இருப்பவர் மணப்பெண்ணின் அப்பா, தொக்தார்.

எங்கள் ஊர்ப் பக்கத்து வழக்கப்படி, சம்பந்தி ஒரு பொருளை நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டால் அது அவருடையது. கழற்றிக் கொடுக்க வேண்டும், சிரித்துக்கொண்டே. பெரும்பாலான சம்பந்திகள் இதை அறிந்து வாயை அடக்கிக்கொள்வார்கள். தொக்தார் பெரும்பாலானவர்களில் சேர்த்தியில்லை.

"நிச்சயத்தன்னைக்கு அப்பாவோட நரித்தோல் தொப்பி போச்சு," என்றாள் ஷினார். "அடுத்த தடவ வந்தப்ப நாய். நல்ல நாய்தான்னு ஒரு வார்த்தை. நாயும் வாலாட்டிக்கிட்டே வண்டில ஏறிருச்சு, துரோகி."

"கல்யாணத்தன்னைக்கு மட்டும் பிளாஸ்டிக் பிக்ல வாசியேன்."

"என் தம்பி கல்யாணத்துல மட்டமா வாசிக்கச் சொல்றீங்களா?"

  

4

கல்யாணத்தை முன்கூட்டியே எழுதினேன். முடிவுகளை அவளிடம் படித்துக் காட்டினேன்.

முடிவு ஒன்று: பிக் நன்றாயிருக்கிறது என்று தொக்தார் கைநீட்டுகிறார். ஷினார் பையிலிருந்து ஸ்பூனில் செய்த பிக்கை எடுத்து—

"சம்பந்திக்குப் போலிய குடுக்கறதா? அப்புறம் தம்பி பொண்டாட்டி மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?"

முடிவு இரண்டு: "தர முடியாது" என்கிறாள். மண்டபம் உறைகிறது.

"எங்கம்மா அங்கேயே விழுந்துருவாங்க. கொலகாரன்ணே நீங்க."

முடிவு மூன்று (எனக்கு மிகவும் பிடித்தது): கொடுத்துவிடுகிறாள். அடுத்த மாதம் சம்பந்தி வீட்டுக்கு விருந்துக்குப் போகிறாள். பாராட்டினால் கொடுக்கும் முறை இரண்டு பக்கத்துக்கும் பொது. லாயத்தில் தொக்தாரின் பந்தயக் குதிரை நிற்கிறது. "குதிரை நல்லாருக்கு மாமா" என்கிறாள் மெதுவாக.

ஷினார் வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"குதிரைய வச்சுக்கிட்டு அல்மாத்தியில என்னத்த வாசிக்கறது?"

"அப்ப நீயே சொல்லு, எப்படி முடிக்கலாம்?"

"அவரு பாக்கவே இல்லன்னு எழுதுங்க."

"முன்வரிசையில உக்காந்திருப்பாரு. கண்ணாடிகூடத் தேவைப்படாத ஆளு. யாரு நம்புவாங்க?"

"உங்களுக்குப் படிக்கிறவங்க நம்பணும். எனக்கு வாசிக்கணும்."

(எழுத்தாளனாகச் சிலவற்றில் நான் நேர்மையானவன். அதனால் யாருக்கும் பயன் இருந்ததாக நினைவில்லை.)

5

ஆகவே தொக்தாரைக் கதையிலிருந்து நீக்கிவிட்டேன். ஆனால் கல்யாணத்தில் சம்பந்தியின் நாற்காலி காலியாக இருக்க முடியாது; அது அவமரியாதை. யாராவது உட்கார வேண்டும். இவ்வளவு தூரம் கூட வந்தவர், வாசகரே, நீங்கள்தான்.

உட்காருங்கள். மணப்பெண் உங்கள் பெண். மண்டபம் சூடாக இருக்கிறது. உங்கள் தட்டில் குதிரை இறைச்சி குவிந்திருக்கிறது. ஷினார் மேடையின் ஓரத்திற்கு வந்து, உங்களைப் பார்க்காமல், வாசிக்கத் தொடங்குகிறாள். அந்தச் சீறலும் அதன் பின்னால் வரும் மணியும் உங்களுக்குக் கேட்கின்றன. அவள் விரலிடுக்கில் ஏதோ ஒன்று விளக்கொளியில் மின்னி மறைகிறது. என்னவென்று உங்களுக்குத் தெரியும். பாட்டு முடிகிறது. வழக்கப்படி அவள் இறங்கி நேராக உங்கள் மேசைக்கு வருகிறாள், தலை குனிந்து வணங்க. அவளுடைய அம்மா, தாஸ்தான், உங்கள் பெண், எல்லோரும் உங்கள் வாயையே பார்க்கிறார்கள்.

நல்ல மனிதர் என்பதால் நன்றாயிருக்கிறது என்று உங்களுக்குச் சொல்லத் தோன்றும்.

தட்டில் பெரிய துண்டாகப் பார்த்து எடுத்து வாயில் போட்டுக்கொள்ளுங்கள்.