முன் ஷாஃப்டின் சத்தம்

பட்டறை அண்ணனுடையது. தம்பி அங்கேயே வேலை பார்த்தான். பக்கத்தில் டயர் வெடித்ததில் அவனுக்கு ஒரு காது சுத்தமாகப் போய்விட்டது. இன்னொன்றில் கத்தினால் கேட்கும். வருகிறவர்களைச் சிரிக்கவைக்க அண்ணனுக்கு வேறு சரக்கு தேவைப்படவில்லை.

மலைப் பண்ணைகளில் பால் எடுத்து விற்கும் ஒரு பெண், தன் பழைய ஃபோர் வீல் டிரைவ் ஜீப்பைக் கொண்டுவந்தாள். "வேகம் எடுத்தா கடகடங்குது. க்ளட்சை மிதிச்சாலும் சத்தம் நிக்கல."

"பின் ஆக்சில். பல்லு போயிருக்கும்" என்றான் அண்ணன். "வேணும்னா நம்ம செவிடனையும் கேட்டுக்குங்க. அவன் காதுக்கு எல்லா வண்டியும் புது வண்டிதான்!"

அவளும் சிரித்துவிட்டாள். தம்பி அவளை ஓட்டச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து தரைத்தகட்டில் உள்ளங்கையை வைத்தான். அதிர்வு காலடியில்தான் இருந்தது, பின்பக்கம் இல்லை. இறங்கி, முன்சக்கரங்களின் லாக்கைத் திருகி விடுவித்தான்; இனி அவற்றோடு சேர்ந்து முன் ஷாஃப்ட் சுற்றாது. மறுபடி ஓட்டினார்கள். அவன் கைக்கு அதிர்வு இல்லை, அவள் காதுக்குச் சத்தமும் இல்லை.

"முன் ஷாஃப்ட்தான்க்கா. அது சுத்துறப்போ மட்டும் அடிக்குது. ஜாயிண்ட் போயிருக்கும்."

கழற்றினான். ஜாயிண்டுக்குள் இருந்த பேரிங் ஊசிகள் துருப்பொடியாக உதிர்ந்தன. அவள் அதை அள்ளி அண்ணனின் முகத்துக்கு நேரே நீட்டினாள். "செவிடன் செவிடன்னீங்களே? உங்க காதைத்தான் கழட்டிப் பாக்கணும் போல!" பட்டறையே சிரித்தது.

தம்பி புது ஜாயிண்ட் போட்டு, ஷாஃப்ட் போல்ட்டுகளை இறுக்கி, சக்கர லாக்கைப் பழையபடி பூட்டிவிட்டுச் சாப்பிடப் போனான். அண்ணன் ஸ்பேனரோடு வண்டிக்கடியில் நுழைந்து அந்த போல்ட்டுகளைத் தளர்த்திவிட்டான். வண்டி மறுபடி சத்தத்தோடு வரட்டும், நாலு பேர் முன்னால் இவன் மூக்கு உடையட்டும். அவ்வளவுதான் நினைத்தான்.

வண்டி வரவில்லை. இறக்கத்தில் ஷாஃப்ட் கழன்று ரோட்டில் குத்தி, ஜீப் குட்டிக்கரணம் அடித்தது. அவளுக்கு ஒரு கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் அவள் புருஷன் தம்பியின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். "நல்லா டைட் பண்ணேனே... அண்ணே, நீயாச்சும் சொல்லேன்" என்று தம்பி அண்ணனைப் பார்த்தான்.

அண்ணன் அவன் நல்ல காதருகே குனிந்து, வார்டே கேட்கும்படி கத்தினான். "போல்ட்டு இறுகி மரையில உக்காந்த சத்தம் உனக்குக் கேட்டுச்சா?"

தம்பி யோசித்தான். அவனுக்கு எந்தச் சத்தம்தான் கேட்டது? "இல்லண்ணே" என்றான்.

"அப்புறம் என்ன?"

தம்பி அவள் கட்டிலருகே மண்டியிட்டான். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவன் ஸ்பேனரைத் தொடவில்லை. அண்ணன் அவனை வண்டி கழுவ வைத்துக்கொண்டான். "என்ன இருந்தாலும் கூடப்பொறந்தவன், தெருவுல விட முடியுமா?" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னான். எல்லோரும் அவன் மனசைப் பாராட்டினார்கள். தம்பியும்தான்.