விவேகக் கால்வாய்க்கு வைத்த பொட்டு

"அக்கா, நீ இன்னிக்கு வீட்டிலயே இரு. எல்லாத்தையும் நான் பாத்துக்கிறேன்."

ரூபேந்திரன் இதைச் சொன்னபோது தனலெட்சுமி கருவியின் கடைசித் திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. இருவரும் நகரவில்லை.

"விளக்கம் நான்தான சொல்றதா பேச்சு?"

"பேச்சுதான். ஆனா திறப்பு விழா லா. சுப காரியத்துல நீ முன்னாடி நிக்க வேணாங்கிறாரு ஐயாசாமி மாமா. நான் என்ன செய்ய?"

தாமான் குடியிருப்பின் தலைவர் ஐயாசாமி அப்படித்தான். பூனை குறுக்கே போனால் விமானத்தையே திருப்பச் சொல்வார்.

சிங்கப்பூர் எல்லையோரத் தெப்ராவில் அவர்கள் தாமானில் நாலு தூறல் விழுந்தாலே லோங்காங் என்ற சாக்கடைக் கால்வாய் நிரம்பி, வீட்டு நாற்காலிகள் பாஸ்போர்ட் இல்லாமல் சிங்கப்பூருக்கு மிதந்து கிளம்பிவிடும். மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்த்த தனலெட்சுமி, தண்ணீர் ஏறும்போதே ஊரை எழுப்பிவிடும் கருவியைச் செய்தாள். மாநில அரசு புத்தாக்கத்துக்குக் கைகொடுக்கிறது என்று கேள்விப்பட்டு விண்ணப்பித்தவன் தம்பி. 'ஸ்மார்ட்' என்பதைத் தமிழாக்கி அதற்கு 'விவேகக் கால்வாய்' என்று பெயர் வைத்தவனும் அவனே. அந்தப் பெயரோடு அவன் உழைப்பு முடிந்தது. இன்று அதிகாரி முன்னால் கருவி ஒழுங்காக ஓடினால், செய்தவருக்கு மாநிலப் புத்தாக்க மையத்தில் வேலை. புருஷன் செத்ததிலிருந்து தம்பி வீட்டில் சோற்றைவிடக் குத்தலை அதிகம் தின்றவளுக்கு அதுதான் வெளியேறும் வழி.

ஆகவே அவள் போனாள். கூடாரத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். எதிரே லேடாங் மலையை மறைக்கும் அளவுக்கு ஒரு பதாகை. அதில் தம்பியின் முகம். கீழே, 'கண்டுபிடிப்பாளர் ரூபேந்திரன்'.

அவள் அதை இரண்டு முறை படித்தாள். மாமா சகுனம் பார்த்தது இன்று காலையில். பதாகை அச்சாக எத்தனை நாள் ஆகியிருக்கும்? பாவம், மாமாவின் மூடநம்பிக்கையைக்கூடத் தம்பி இரவல்தான் வாங்கியிருந்தான்.

மேளம் முழங்கியது. தேங்காய் உடைந்தது. தம்பி மனைவி மலர் பட்டுப்புடவை சரசரக்கக் கருவியிடம் போனாள். அதன் முகத்தில் கண்போல இரண்டு வட்டங்கள். பார்த்ததும் பரவசமாகி, இட்லி கனத்துக்குச் சந்தனம் அப்பி, நடுவே குங்குமம் வைத்தாள். அதிகாரி பொத்தானை அழுத்தினார்.

"வெள்ளம்! மேட்டுக்குப் போங்கள்!" என்று கருவி கோலாலம்பூர் வரைக்கும் கேட்க அலறியது.

வானத்தில் மேகப் பொட்டுகூட இல்லை. இருந்தும் மேளக்காரர் மேசைமேல் ஏறினார். ஐயாசாமி லாரிமேல் ஏறினார். ரூபேந்திரன் கருவியைத் தட்டினான், குலுக்கினான், கெஞ்சினான். அது நிற்கவில்லை. என்ன கோளாறு என்று அதிகாரி கண்டுபிடிப்பாளரைக் கேட்டார். கண்டுபிடிப்பாளர் கடைசி வரிசைக்கு ஓடிவந்தார்.

"அக்கா, மானம் போவுதுக்கா. என்னான்னு சொல்லு."

"அந்த ரெண்டு வட்டந்தான் தண்ணி எவ்வளவு கிட்ட வந்திருக்குன்னு பாக்கிறது. நீங்க அதும்மேலயே அப்பிட்டீங்க. தண்ணி மூஞ்சிக்கே வந்துட்டதா நெனைக்குது. பொட்ட அழிச்சா நின்னுரும்."

மலர் பின்வாங்கினாள். திறந்த நாளிலேயே பொட்டை அழிப்பதா, யார் தலையில் விடியும் என்று முணுமுணுத்தாள். வேறு பெண்களும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். லாரிமேல் நின்ற ஐயாசாமிக்குத்தான் வழி தோன்றியது.

"தனம், நீ வாம்மா. நீ அழிச்சா தோசம் இல்ல."

காலையிலிருந்து முதல்முறையாக அவளை முன்னால் கூப்பிட்டார்கள்.

தனலெட்சுமி எழுந்திருக்கவில்லை.

"எனக்கு அழிச்சது நீங்கதான மாமா. பழகின கை. நீங்களே அழிங்க."

பிறகு கருவியருகே நின்ற அதிகாரி பக்கம் திரும்பி, கருவியைச் செய்தது தான்தான் என்று மலாயில் சொன்னாள். இன்னும் ஓயாத அலறலில் அவருக்கு அது கேட்கவில்லை.