நடுவில் ஒரு குக்கர் விசில்

அவள் வீடு வாங்கி இரண்டு மாதமாகியும் அப்பா அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைக்கவில்லை. பெயின்ட் வாசனை போகட்டும் என்றாள் அவள். பிறகு திரைச்சீலை மாட்டட்டும் என்றாள். பிறகு சோபா வரட்டும் என்றாள். சோபா வந்து, அதில் அவளே காபியைக் கொட்டி, கறையும் காய்ந்துவிட்டது. அப்பாவை மட்டும் இன்னும் கூப்பிடவில்லை.

இத்தனைக்கும் அந்தத் தெருவைக் காட்டிக்கொடுத்ததே அவர்தான். பழைய இரும்பும் பேப்பரும் வாங்கும் மூன்று சக்கர மோட்டார் வண்டி அவருடையது. நகரத்தின் சந்துபொந்தெல்லாம் அவருக்கு அத்துப்படி. "அந்தத் தெருவுலயே பாரும்மா. படிக்கிற ஜனங்க. மாசம் பொறந்தா மூட்டை மூட்டையா பேப்பர், புஸ்தகம். பாட்டில் கம்மி" என்றார். குப்பையை வைத்தே குணம் சொல்கிற மனிதர்.

தெரு அவர் சொன்ன மாதிரியேதான் இருந்தது. காலையில் ஏரிக்கரையில் நடை, நடை முடிந்து முனைக்கடையில் டீ, எதிரே நூலகம், பக்கத்திலேயே காய்கறிச் சந்தை. பெருநகரத்து நெரிசலும் இல்லை, சின்ன ஊரின் 'நீ யார் வீட்டுப் பொண்ணு' விசாரணையும் இல்லை என்று சந்தோஷப்பட்டாள். பின்பாதி தப்புக்கணக்கு. குடியிருப்போர் சங்கத்தின் முதல் மொட்டைமாடிக் கூட்டத்திலேயே விசாரணை ஆரம்பமாகிவிட்டது.

செயலாளர் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். இன்னும் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் போலத்தான் பேசுவார்.

"இன்சூரன்ஸ்ல ஆபீசர். இந்த வயசுல தனியா வீடு வாங்கியிருக்காங்க, பாருங்க! அப்பா என்னம்மா பண்றார்?"

"பிசினஸ் சார்."

"என்ன பிசினஸ்?"

"மெட்டல் ரீசைக்ளிங்."

சொல்லும்போதே நாக்கு கூசியது. பொய் என்று சொல்ல முடியாது. உண்மைக்குக் கோட்டு மாட்டி, டை கட்டி விட்டிருந்தாள்.

மூன்றாவது மாடிப் பல் டாக்டரம்மா புருவத்தை உயர்த்தினார். "அதுக்கு இப்ப நல்ல காலமாச்சே! ஃபாக்டரி எங்க?"

"சிட்டிக்கு வெளிய."

அவள் வாயை மூடவில்லை, கீழே தெருவிலிருந்து ஒலிபெருக்கி வாயைத் திறந்தது. "பழைய இரும்பு... ஈயம், பித்தளை... பழைய பேப்பர், பிளாஸ்டிக் எடுக்கறோம்மா..."

டாக்டரம்மா காதைப் பொத்திக்கொண்டார். "வந்துட்டா மகராசி! ஞாயித்துக்கிழமைகூட விட மாட்டேங்கறா. எண்ணெய் போடாத கேட்டு மாதிரி ஒரு குரல்!"

"இருங்க இருங்க, நடுவுல ஒரு குக்கர் விசில் வரும்" என்று செயலாளர் விரலைத் தூக்கிக் காத்திருந்தார். விசில் வந்தது. மொட்டைமாடியே சிரித்தது. "சமையலும் ஆச்சு, வியாபாரமும் ஆச்சு!"

அவளும் சிரித்தாள்.

அது அவளுடைய குரல். தெருத்தெருவாகக் கூவிக் கூவி அப்பாவின் தொண்டை கட்டிப்போய், இனிமேல் கத்தினால் பேச்சே வராது என்று வைத்தியர் கையை விரித்தபோது, அவள் கல்லூரியில் முதல் வருடம். அந்த ஒற்றை அறை வீட்டில் கைப்பேசியை வாயருகே பிடித்து, ஒரே மூச்சில் சொல்லிப் பதிந்தாள். நடுவில் குக்கர் கத்திவிட்டது. "இன்னொரு தடவை எடுக்கலாம்ப்பா" என்றாள். "வேணாம்மா. இப்படி இருந்தாத்தான் நீ வண்டியில கூட வர்ற மாதிரி இருக்கு" என்றார் கரகரத்தபடி. அந்தக் குரல் ஊர் சுற்றியதால்தான் அவள் வகுப்பில் உட்கார்ந்து படித்தாள்.

சிரித்ததோடு நிறுத்தித் தொலைத்திருக்கலாம். எங்கே குரலை அடையாளம் கண்டுவிடுவார்களோ என்று பயந்தாள். படித்த வாய் வேறு, சும்மா கிடக்குமா?

"வாட்ச்மேன்கிட்ட சொல்லி, தெருமுனையிலயே ஸ்பீக்கரை நிறுத்தச் சொல்லிடலாமே சார்."

"இது நமக்குத் தோணாமப் போச்சே!" என்றார் செயலாளர். எல்லோரும் கை தூக்கினார்கள். அவளும் தூக்கினாள்.

அந்த வாரமே அம்மா தொலைபேசியில் பொரிந்து தள்ளினாள். "ஏன்டி, உன் தெருவுல ஸ்பீக்கர் போடக் கூடாதாமே? புதுசா வந்த மேடம் ஒருத்தி சொல்லிட்டாளாம். வாயைக் கட்டிட்டு வண்டியை ஓட்டினா எவ எறங்கி வருவா? மனுஷன் அங்கேயிருந்து வெறும் வண்டியோட திரும்பி வர்றார். யாருடி அந்தப் புண்ணியவதி?"

"தெரியலம்மா."

"வாட்ச்மேன் ஆளைச் சொல்லியிருப்பான் போல. இவரைக் கேட்டா, 'விடு, அவங்களுக்கும் என்ன கஷ்டமோ'ங்கறார். வாயைத் தொறக்க மாட்டேங்கறார்."

அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்கு விளங்கியது. அப்பாவைக் கூப்பிடும்மா என்று கேட்கத் தைரியமில்லாமல், ஆபீஸ் வேலை என்று போனை வைத்தாள்.

அடுத்த ஞாயிறு காலை, சோபாவும் ஃபிரிட்ஜும் வந்த அட்டைப்பெட்டிகளைக் கீழே இறக்கினாள். வராந்தாவை அடைக்கிறது என்று செயலாளர் இரண்டு தடவை சொல்லிவிட்டார். கேட் அருகே டாக்டரம்மா பேப்பர்க் கட்டோடு நின்றிருந்தார். அந்த நேரம் பார்த்து, ஸ்பீக்கர் சத்தமில்லாமல் பூனை மாதிரி வண்டி வந்து நின்றது.

அப்பா இறங்கினார். அவளைப் பார்த்தார். ஒரு நொடிதான்.

"வாங்க மேடம். அட்டையா? குடுங்க."

எத்தனையோ வருடமாக அவளை 'ம்மா' போட்டுக் கூப்பிட்ட வாய். தெரியாதவளிடம் பேசுவதுபோல் அத்தனை சுத்தமாகப் பேசியது. அவளைக் காப்பாற்றுகிறாராம்! தராசில் அட்டையைத் தூக்கி வைத்தார், முள் நிற்கும்வரை பொறுத்தார்.

"எடையில ஒரு பொட்டு ஏமாத்த மாட்டார். அந்தச் சத்தம் மட்டுந்தான் குறை, அதுவும் இப்ப தீந்துச்சு" என்று டாக்டரம்மா சான்றிதழ் கொடுத்தார்.

"இனிமே போட மாட்டேம்மா" என்றார் அப்பா டாக்டரம்மாவிடம். சில்லறையை அவள் கையில் வைத்தார். "சரியா இருக்கான்னு பாத்துக்குங்க மேடம்."

வாங்கிக்கொண்டாள். பாவி, வாங்கிக்கொண்டாள். அவர் திட்டியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பாள். சண்டை அவளுக்குக் கைவந்த கலை, ஆபீஸில் அவளிடம் வாய்கொடுக்க ஆள் கிடையாது. இந்த மரியாதைக்கு என்ன பதில் சொல்வது? சில்லறையை எண்ணுகிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டாள். அதற்குள் வண்டி முனை திரும்பிவிட்டது.

திரும்பியதும் அடுத்த தெருவில் ஒலிபெருக்கி உயிர்பெற்றது. "பழைய இரும்பு... ஈயம், பித்தளை..." கொஞ்சங்கூட வெட்கமில்லாத குரல்.

"அந்தத் தெருவுக்குப் போயிட்டா மகராசி" என்று டாக்டரம்மா சிரித்தார்.

"அது நான்தான்."

"என்னது?"

"அந்தக் குரல் என்னோடது டாக்டர். வண்டி எங்கப்பாவோடது."

"சும்மா வெளையாடாதீங்க. உங்கப்பா ரீசைக்ளிங்..." டாக்டரம்மா பாதியில் நிறுத்தினார். பிறகு மறுபடி சிரித்தார். நம்பவில்லை.

அவள் வயிற்றிலிருந்து மூச்சை இழுத்தாள். "பழைய இரும்பு... ஈயம், பித்தளை... பழைய பேப்பர், பிளாஸ்டிக்..." தெரு அதிர்ந்தது. செயலாளர் பால்கனிக்கு ஓடிவந்தார். விசில் வரவேண்டிய இடத்தில் அவள் வாய் பழக்கத்தில் தானாக நின்று, பிறகு தொடர்ந்தது. "எடுக்கறோம்மா..."

இந்த முறை டாக்டரம்மா காதைப் பொத்தவில்லை. வாயைப் பொத்தியிருந்தார்.

அடுத்த தெருவில் ஒலிபெருக்கி சட்டென்று அடங்கியது. வண்டியின் இன்ஜின் சத்தம் மட்டும் கேட்டது. அதுவும் நின்றது. பிறகு மறுபடி எழுந்து நெருங்கத் தொடங்கியது.

அவளுக்கு முகம் தீயாய் எரிந்தது. தெரு பார்ப்பதெல்லாம் இப்போது பொருட்டேயில்லை. வண்டி வந்து நின்றால் அந்த மனிதரிடம் என்ன சொல்லி மேலே கூப்பிடுவது? சோபா வந்துவிட்டது என்றா?

சில்லறை கையில் வியர்த்தது. வண்டி முனையில் திரும்பியது.