சிறிய அபராதம்

முடிச்சுப் போட்ட கயிறு முதுகில் விழுந்தபோது பவுல்சாமி பல்லைக் கடித்துக்கொண்டான். தோல் ஏற்கெனவே கிழிந்திருந்தது. ரத்தம் இடுப்புத் துணிவரை இறங்கி, உப்புக் காற்றில் காய்ந்து, மறுபடி நனைந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் வருஷத்துத் தவசுகாலம், ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பு. சாந்தோம் குப்பத்தில் வெள்ளிக்கிழமைகளில் பாவத்துக்குத் தவமாகக் கயிற்றால் அடித்துக்கொள்கிறவர்கள் இருந்தார்கள். அவர்கள் அடி வலிக்காது. இவன் தினமும் அடித்துக்கொண்டான், சுறாவைக் கொல்கிறவனைப்போல.

கதவைத் தள்ளிக்கொண்டு பிலோமி வந்தாள். தம்பி லூயிஸின் பெண்சாதி. கார்த்திகையில் லூயிஸ் அலையோடு போய்விட்டான். அன்றிலிருந்து அண்ணன் வீட்டு உலையில்தான் அவளுக்கும் சோறு.

"இன்னா மாமா இது? மாட்டக்கூட இப்டி அடிக்க மாட்டாங்க."

கயிற்றைப் பிடிக்கக் குறுக்கே வந்தாள். வீசிய கை நிற்கவில்லை. முடிச்சு அவள் கன்னத்தைக் கிழித்தது.

அந்த ரத்தத்தைப் பார்த்ததும் அவன் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"அலை இல்ல பிலோமி. நான்தான். வலைய அறுத்துட்டான்னு சண்ட. துடுப்பால மண்டையில போட்டேன். கடல்ல வுழுந்தவன் கட்டுமரத்தப் புடிச்சிகினு அண்ணான்னான். அந்தக் கை மேலயும் போட்டேன்."

அவள் கயிற்றை அவன் கையிலிருந்து பிடுங்கினாள். பின்பக்கம் போனாள். அடித்தாள். கழுத்தில், காதில், கிழிந்த இடத்திலேயே மறுபடி. அவன் குப்புற விழுந்தான். மண் வாய்க்குள் போயிற்று. இதுதான் சரி என்று அவனுக்குத் தோன்றியது. இத்தனை நாள் கேட்டது இதைத்தான். செத்தால் இப்படியே சாகலாம்.

அவளுக்கு மூச்சு வாங்கியது.

"சாமியாராண்ட சொன்னியா?"

"சாம்பல் புதன் அன்னிக்கே. பாவத்தப் பொறுத்துட்டேன்னாரு."

"பாவத்துக்கு அபராதம் இன்னா குடுத்தாரு?"

"ஒரே ஒரு பரமண்டல மந்திரம்."

"சொல்லிட்டியா?"

"இல்ல. போர்த்துகல் சாமி. நம்ம தமிழு வெளங்கல போல. கருவாடு திருடனவனுக்குக் குடுக்கற அபராதம் அது."

பொய். அவருக்கு விளங்கியது. பாவசங்கீர்த்தனக் கூண்டின் சல்லடைத் தட்டிக்கு அந்தப் பக்கம் அந்தக் கிழவர் அழுதது அவனுக்குக் கேட்டது. அந்த மந்திரத்தைச் சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும். அதுதான் பயம்.

"சிலுவைல தொங்கறாரே, அவரு வாங்கன அடி பத்தலியா ஒனக்கு?" அவள் அவன் தலைமயிரைப் பற்றித் தூக்கினாள். "உன் முதுகும் வோணுமா? பெரிய ஆளுதான் நீ. முட்டி போடு. சொல்லு."

மண்டியிட்டான். பரமண்டலங்களிலே இருக்கிற எங்கள் பிதாவே என்று தொடங்கும் முதல் பாதியைச் சொல்லி நிறுத்தினான். வீட்டுச் செபத்தில் முதல் பாதியை ஒருவர் சொல்ல, மறுபாதியை மற்றவர்கள் சொல்வது பழக்கம். எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் பொறுப்பதுபோல எங்களைப் பொறுத்தருளும் என்பது அந்த மறுபாதியில் இருந்தது. அதைச் சொல்ல அந்த அறையில் அவளைத் தவிர ஆள் இல்லை.

அவள் ஆரம்பித்தாள். அனுதின உணவை என்றாள். கயிறு அவன் முதுகில் விழுந்தது. இன்று என்றாள். விழுந்தது. எங்களுக்குத் தீமை செய்தவர்களை என்றபோது குரல் உடைந்தது. கயிறு காற்றில் மேலேறும் ஓசை கேட்டது.

"நாங்கள் பொறுப்பதுபோல," என்றாள்.

அவன் முதுகை வளைத்துக் காத்திருந்தான். அடி விழவில்லை. கிழிந்த தோலில் அவள் மூச்சுக்காற்று மட்டும் சுட்டது.