நாலாவது தட்டு

நிரஞ்சனிக்குக் கடலைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை இல்லை. பார்க்க வேண்டாம் என்றும் இல்லை. சோறு வைத்தால் சாப்பிட்டாள், வைக்காவிட்டால் சும்மா இருந்தாள். கண்டிக்குப் பக்கத்தில், கட்டுகஸ்தோட்டையில் மேட்டுத் தெருவில் இருக்கிற அந்த வீட்டில், மூத்தவன் யுகேஷ் போய் எட்டு மாதமாகிறது. டெங்கு. பத்தொன்பது வயதுப் பையன் காய்ச்சல் என்று படுத்தான், அந்த வாரம் தாண்டவில்லை. அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வந்தவர் போனவர் எல்லாம் தேவைக்கு அதிகமாகவே சொல்லிவிட்டார்கள்.

நிரஞ்சனி அழவில்லை. அது அவளைவிட ஊருக்குத்தான் பெரிய பிரச்சினையாகிவிட்டது. கருமாதிக்கு வந்தவர்கள் "நல்ல மனத்தைரியம்" என்று மெச்சினார்கள். கொஞ்ச நாள் கழித்து அதே ஆட்கள் "அவளுக்கு என்னமோ ஆகிப்போச்சு" என்று தெருமுனையில் நின்று பேசினார்கள். துக்கம் விசாரிக்கப் போகிறவர்களுக்குக் கொஞ்சமாவது கண்ணீரைக் காட்டிவிட வேண்டும். காட்டாவிட்டால் மேடேறி வந்தது வீண் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

வீட்டில் யாரும் அவன் பெயரைச் சொல்வதில்லை. அவனுடைய எவர்சில்வர் தட்டு அலுமாரிக்கு மேலே, பழைய துணிமூட்டைக்குப் பின்னால் கிடந்தது. பத்தாவது பிறந்தநாளுக்குக் கண்டி டவுன் பாத்திரக் கடையில் வாங்கி, கடைக்காரரிடமே பெயர் வெட்டச் சொல்லி வாங்கிய தட்டு. விளிம்பில் 'யுகேஷ்' என்று புள்ளி புள்ளியாக இருக்கும். வேறு யாரையும் அதில் சாப்பிட விடமாட்டான். ஒருநாள் தங்கச்சி சுகிர்தா தெரியாமல் அதில் சோறு போட்டுக்கொண்டாள் என்று அவன் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்துவிட்டது.

சுகிர்தாவுக்குப் பதினாறு வயது. எட்டு மாதமாக அவளே யூனிபார்ம் அயர்ன் பண்ணிக்கொண்டாள், அவளே தலை பின்னிக்கொண்டாள், வீட்டில் இருப்பதைத் தின்றாள். பெரும்பாலும் பேக்கரியில் வாங்கிய பாணும் தேங்காய்ச் சம்பலும்தான் இருந்தது.

நிரஞ்சனியின் புருஷன் தனபாலன் டவுனில் ஹார்ட்வெயார் கடை வைத்திருந்தான். அவனுடைய அக்கா புஷ்பம் வத்தேகமையில் இருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் வருவாள். வாயைத் திறந்தால் மூடத் தெரியாத மனுஷி. ஆனால் ஒருநாளும் வெறுங்கையோடு படியேறியதில்லை, அதையும் சொல்லியாக வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கத்தரிக்காய்க் கறிப் பாத்திரத்தை மேசையில் வைத்த கையோடு பேச்சைத் தொடங்கினாள். நிரஞ்சனி அங்கேயே கதிரையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவளும் அந்த வீட்டுக் கதிரைகளில் ஒன்று போலப் பேச்சு நடந்தது.

"தனபாலா, நான் சொல்றதக் கேளு. புள்ளய எங்கூட அனுப்பிரு. வத்தேகமையிலயும் ஸ்கூல் இருக்கு. எப்ப வந்தாலும் பாணும் சம்பலுமா தின்னுக்கிட்டு இருக்குது. பெத்தவ உசுரோட இருந்தும் 'சாப்பிட்டியா'ன்னு கேக்க ஆளில்ல."

"இப்ப வேணாங்க்கா."

"இப்ப வேணான்னா எப்ப? அதுவும் இவள மாதிரி ஆன பொறகா?"

தனபாலன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். "திருகோணமலைப் பக்கம் கடலோரத்துல ஒரு தியான நிலையம் இருக்காம். கடைக்கு வர்ற ஒருத்தரு சொன்னாரு. மனசு சரியில்லாதவங்க போய் இருந்துட்டு வர்றாங்களாம். நாங்களும் போய்ட்டு வர்றோம். வந்த பொறகும் இவ இப்படியே இருந்தா..." அவன் மனைவியின் பக்கம் பார்க்கவில்லை. "இருந்தா, நீங்க புள்ளயக் கூட்டிட்டுப் போங்க."

"கோயிலா அது? வருசம் திரும்பாம நம்ம கோயில் வாசல மிதிக்கக் கூடாதே."

"கோயில் இல்லக்கா. சாமி படம்கூட இல்லையாம். கண்ண மூடிட்டுச் சும்மா உக்காரணுமாம்."

"அப்ப தீட்டு இல்ல. போய்ட்டு வாங்க" என்று புஷ்பம் உத்தரவு கொடுத்தாள்.

நிரஞ்சனி எல்லாவற்றையும் கேட்டாள். என் மகளைக் கொண்டுபோகப் போகிறார்கள் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். உள்ளே ஒன்றும் அசையவில்லை. மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்ப்பது போல இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தாள். அப்போதும் இல்லை. அதுதான் அவளுக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. அந்தப் பயமும் வேறு யாருக்கோ வந்த பயம் மாதிரி எங்கேயோ தள்ளி நின்றது. கையில் இருந்த துவாயை மடித்து அடுக்கின்மேல் வைத்தாள்.

மறுநாள் தனபாலன் அந்த நிலையத்துக்குப் போன் போட்டு அவளிடம் நீட்டினான். "நீயே பேசு." வேலை ஏதாவது கொடுத்தால் ஆள் தேறிவிடுவாள் என்று அவனுக்கு யாரோ சொல்லிவைத்திருந்தார்கள்.

"ஓம், சொல்லுங்கோ அம்மா" என்றது மறுமுனையில் ஒரு பெண்குரல்.

"நாங்க கண்டியில இருந்து பேசுறோம். அங்க வந்து தங்கணும்."

"வாங்கோ, வாங்கோ. எத்தினை பேர் வாறீங்கள்?"

"நாலு பேர்."

எத்தனையோ வருஷமாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். கல்யாண வீட்டுக்காரர்கள் கேட்டால் நாலு பேர், ஹோட்டலில் கேட்டால் நாலு பேர், பஸ்ஸில் சீட் பிடிக்கும்போது நாலு பேர். வாய் தன்பாட்டுக்குச் சொல்லிவிட்டது. சொன்னது காதில் விழுந்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. திருத்தவில்லை. திருத்துவதானால் மூன்று என்று சொல்ல வேண்டும்.

"சரி அம்மா. தட்டு, கோப்பை, பெட்ஷீட் ஆளாளுக்குக் கொண்டு வரவேணும். இஞ்ச தங்குற மூண்டு நாளும் ஒருத்தரோடயும் கதைக்கக் கூடாது. அது ஒண்டுதான் எல்லாருக்கும் கஷ்டமாயிருக்கும்."

"அது கஷ்டமில்ல" என்றாள் நிரஞ்சனி.

மாலையில் தனபாலனின் போனுக்கு மெசேஜ் வந்தது. சுகிர்தா எடுத்து வாசித்தாள். "நாலு பேருக்கும் பாய் ஒதுக்கியாச்சாம் அப்பா."

தனபாலன் மனைவியைப் பார்த்தான். மனைவி ஜன்னலைப் பார்த்தாள். நல்ல மனுஷன்தான். ஆனால் ஒரு கேள்வியைக் கேட்டு அதற்குப் பதில் வந்துவிட்டால் என்ன செய்வது என்று பயப்படுகிற ஜாதி. அதனால் கேட்கவில்லை. அக்காவையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறாள் என்று தானே முடிவு கட்டி, வத்தேகமைக்குப் போன் போட்டான். சுகிர்தா ஏதோ சொல்ல வாயெடுத்தாள், பிறகு பேசாமல் உள்ளே போய்விட்டாள்.

புஷ்பத்துக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா, அவளுக்கு எம்மேல எவ்வளவு பிரியம்! வாயில்லாட்டியும் மனசு இருக்குதே!" என்றாள். வெள்ளைச் சேலை ஒன்றை எடுத்துக் கஞ்சி போட்டாள். அக்கம்பக்கத்தில் எல்லாரிடமும் சொன்னாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாதி கட்டிய பையோடு வந்து இறங்கியபோதுதான், பேசக் கூடாது என்று மெசேஜில் இருந்ததைச் சுகிர்தா அவள் காதில் போட்டாள்.

"மூணு நாளுமா? சாப்பிடும்போதுமா?"

"சாப்பிடும்போதும்தான் அத்தை."

"கறியில உப்பு இல்லைன்னா?"

"இல்லைன்னாலும்."

புஷ்பம் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்து யோசித்தாள். பிறகு மெதுவாகக் குனிந்து முழங்காலைத் தடவினாள். "எனக்கு இந்த முழங்காலு ஒத்துக்காதே தனபாலா. தரையில உக்காந்தா எழும்ப ரெண்டு ஆளு வேணும்." சுகிர்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. நிரஞ்சனி அடுத்த வீட்டில் ஏதோ விழுந்துவிட்டது போலத் திரும்பிப் பார்த்தாள்.

அதோடு விட்டிருந்தால் அது புஷ்பம் இல்லை. "அப்ப மூணு பேராவா போவீங்க? மூணு பேரா ஒரு காரியத்துக்குக் கெளம்பக் கூடாது. போன காரியம் ஆகாது. ஒனக்குப் பொண்ணு பாக்கப் போனப்போ அப்பா என்ன செஞ்சாரு, ஒரு கல்ல நாலாவது ஆளா வெச்சுக்கிட்டுத்தானே போனாரு? நானே வந்து வெச்சு விடுறேன்."

தனபாலன் சரி என்றான். அக்கா சொன்ன எதற்கு அவன் கடைசியில் சரி என்று சொல்லாமல் இருந்தான்?

பயணத்துக்கு மூட்டை கட்டியதெல்லாம் சுகிர்தாதான். நிரஞ்சனி கட்டிலில் உட்கார்ந்து மகளின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெண் ஸ்டூலைப் போட்டு ஏறி அலுமாரிக்கு மேலே எதையோ தேடி எடுத்தாள். பெட்ஷீட்டாக இருக்கும் என்று நினைத்தாள் நிரஞ்சனி. நினைத்தாள் என்பதுகூடப் பெரிய வார்த்தை.

கிளம்புகிற காலையில் மூடுபனி இன்னும் கலையவில்லை. கடைக்குச் சாமான் ஏற்றுகிற வேனைத் தனபாலன் கழுவித் துடைத்து வாசலில் நிறுத்தியிருந்தான். புஷ்பம் முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டாள். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தாள். கேட்டுக்குப் பக்கத்தில் கிடந்த கல் ஒன்றை எடுத்துக் குழாயில் கழுவி, மஞ்சள் பூசி, பொட்டு வைத்தாள். வேனின் பின்சீட்டில், இடதுபக்கம் ஜன்னலோரமாக அதை உட்கார்த்தி வைத்தாள்.

அது யுகேஷ் உட்காருகிற இடம். எங்கே போனாலும் அந்த ஜன்னலுக்காக அவனும் தங்கச்சியும் அடித்துக்கொள்வார்கள், கடைசியில் அவன்தான் உட்காருவான்.

"வரும்போது இந்தக் கல்ல அங்கயே போட்டுட்டு வந்துரணும். வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவரக் கூடாது, சொல்லிட்டேன்" என்றாள் புஷ்பம்.

தட்டுக் கோப்பைப் பையைப் பின்சீட்டில் வைக்க வந்த நிரஞ்சனி அப்படியே நின்றாள். அவன் இடத்தில் ஒரு கல். அதற்குப் பொட்டு. போன இடத்தில் போட்டுவிட்டு வா என்கிறார்கள். எங்கிருந்தோ கோபம் வந்தது. எட்டு மாதத்தில் முதல் தடவையாக அவளுக்கே சொந்தமான ஒன்று வந்தது, அது கோபமாக இருந்தது. கல்லை எடுக்க எட்டிக் கை நீட்டினாள். தோளில் இருந்த பை சரிந்து, தட்டுகள் சலசலவென்று சீட்டில் கொட்டின.

நாலு தட்டு. மேலே கிடந்தது விளிம்பில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டிய தட்டு. பெண் அதைப் புளி போட்டுத் தேய்த்திருந்தாள், அப்படி மின்னியது.

"இத ஏன் எடுத்த?"

சுகிர்தா பயந்துபோனாள். "நீங்கதானேம்மா நாலு பேர்ன்னு சொன்னீங்க."

"அத்தையச் சொன்னேன்னு அப்பா..."

"அப்பா அப்படி நெனச்சாரு. எனக்குத் தெரியும்." பெண் செருப்பு நுனியால் தரையைக் கிளறினாள். "ஸ்கூல்ல கேட்டா நானும் அப்படித்தாம்மா சொல்லுறேன். வீட்டுல நாலு பேர்ன்னு."

நிரஞ்சனி நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். இந்தப் பெண் எப்போது இப்படி மெலிந்தாள்? கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. பின்னல் கோணலாக இருந்தது. கண்ணுக்கடியில் கறுத்திருந்தது. இதையெல்லாம் யாரும் அவளிடம் சொல்லவில்லையா, சொல்லியும் அவள் கேட்கவில்லையா?

"சாப்பிட்டியா?" என்றாள்.

சுகிர்தா பின்னலை முன்னால் இழுத்துக்கொண்டாள். "இல்லம்மா. போற வழியில அலவத்துகொடயில ஏதாச்சும் வாங்கலாம்ன்னு அப்பா சொன்னாரு." சொல்லி முடிப்பதற்குள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

நிரஞ்சனி அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் திரும்பினாள். "ஐயையோ, கெளம்பின பொறகு உள்ள போகக் கூடாது! சகுனம் என்னத்துக்காகும்?" என்று புஷ்பம் குறுக்கே வந்தாள்.

"யுகேஷ் தட்டு இருக்குது அண்ணி. நாங்க நாலு பேர்தான் போறோம். அந்தக் கல்ல எடுத்த எடத்துலயே போட்டுருங்க."

அந்தப் பெயரைக் கேட்டதும், வேனை ஸ்டார்ட் பண்ணிவிட்டு முன்சீட்டில் காத்திருந்த தனபாலன் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினான். ஸ்டியரிங்கின்மேல் நெற்றியை வைத்துக்கொண்டான். புஷ்பம் ஒரு வார்த்தை பேசவில்லை. முழங்கால் மட்டும் ஒத்துழைத்திருந்தால் அந்தத் தியான நிலையத்துக்கு அவள் தாராளமாகப் போயிருக்கலாம் என்று அப்போதுதான் தெரிந்தது. கல்லை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய்க் கேட்டடியில் வைத்தாள்.

அடுப்பு பற்றியது. கோதுமை மாவு இருந்தது, ஒரு பாதித் தேங்காய் இருந்தது. நிரஞ்சனி திருவிப் பிசைந்து, தட்டி, தோசைக்கல்லில் போட்டாள். கைக்கு எல்லாம் நினைவிருந்தது. முதல் ரொட்டியை யுகேஷின் தட்டில் போட்டு, மிளகாயும் வெங்காயமும் இடித்த லுணுமிரிஸ் வைத்து, மகளுக்கு முன்னால் தள்ளினாள்.

சுகிர்தா தொடவில்லை. விளிம்பில் இருந்த பெயரை விரலால் தடவினாள்.

"அண்ணன் பாத்தா சண்ட போடுவான்மா."

"போடட்டும்" என்றாள் நிரஞ்சனி. "வந்து போடட்டும்."

சொன்ன பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே அடுத்த ரொட்டியைத் தட்டினாள்.