பெரிய குவிமாடம் யாருக்கு

துருக்கியில் தோகாத் ஊர்க் குளியல் மண்டபத்தில் பெண்களுக்கு முதுகு தேய்க்கும் வேலை பெஹிஜேக்கு. பதினெட்டு வருஷமாக அவளுக்கு ஒரே குறைதான்: இடம். சுவருக்கு அந்தப் பக்கம் ஆண்களுக்குப் பெரிய குவிமாடம், எட்டுத் தொட்டி, நடுவே பத்துப் பேர் படுக்கலாம் போல சூடான பளிங்கு மேடை. இந்தப் பக்கம் பெண்களுக்கு மூன்றே தொட்டி. "கட்டின நாள்லேர்ந்து இப்படித்தான்" என்பார் மண்டபத்தை நடத்தும் ருஸ்தெம்.

அந்த வியாழக்கிழமை ருஸ்தெமின் மகள் குல்ஸுமுக்கு மணப்பெண் குளியல். அறுபது பெண்கள், அவர்களுடைய குழந்தைகள், துணி மூட்டைகள், திராட்சை இலைச் சுருள்கள் நிரம்பிய பாத்திரங்கள் எல்லாம் அந்தச் சின்ன இடத்துக்குள் வந்து அடைந்தன. மேளம் அதிர்ந்தது. உடை மாற்றும் கூடத்தில் பெண்கள் மரச்செருப்போடு குதித்த குதியில் சுவர்ப் பூச்சு பொத்தென்று விழுந்தது. உள்ளே எழுத்து செதுக்கிய கல்.

"பழைய எழுத்துடி! யாருக்குப் படிக்கத் தெரியும்?"

கோர்ட்டில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற வெஹ்பிக்குத் தெரியும். அவரோ சுவருக்கு அந்தப் பக்கம் குளித்துக்கொண்டிருந்தார். பெஹிஜே ஈரத்துண்டைக் கல்லில் ஒட்டி, அடுப்புக் கரியைத் தேய்த்து எழுத்தைப் படியெடுத்தாள். உடுத்திக்கொண்டு ஆண்கள் வாசலுக்குப் போய், உள்ளே பார்க்காமல் முதுகைக் காட்டி நின்று, திரைக்குள் துண்டை நீட்டினாள்.

"வெஹ்பி ஐயா, கொஞ்சம் சத்தமா படிங்க."

வெஹ்பி நீதிமன்றக் குரலில் படித்தார்: "மிஹ்ரிநூர் ஆகிய நான் கட்டியது. பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வரும் பெண்களுக்குப் பெரிய குவிமாடம். வந்து உட்கார்ந்து பேசுவதே வேலையான ஆண்களுக்கு..." குரல் இறங்கியது. "...இந்தச் சின்னப் பக்கம் போதும்."

ருஸ்தெமும் அங்கேதான் குளித்துக்கொண்டிருந்தார்.

"ருஸ்தெம் அண்ணே, கேட்டுச்சா?" என்றாள் பெஹிஜே.

"அது எந்தக் காலத்துக் கல்லோ, பெஹிஜே!"

"அப்ப அத்தனை காலமா எங்க இடத்துல உக்காந்திருக்கீங்க. உங்க பொண்ணு அங்க மூச்சு விட இடமில்லாம நிக்கிறா. அவளே வந்து கேக்கணுமா?"

கேட்கவே வேண்டியிருக்கவில்லை. "அப்பா!" என்று குல்ஸும் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கத்தியது எல்லோர் காதிலும் விழுந்தது. ருஸ்தெம் தலையைச் சொறிந்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"எந்திரிங்கப்பா, எந்திரிங்க. இடத்துக்குச் சொந்தக்காரங்க வந்துட்டாங்க."

நுரைத் தலையோடு ஆண்கள் மேல்சட்டையைப் போர்த்திக்கொண்டு தெருவழியே சின்ன வாசலுக்கு ஓடினார்கள். எதிரே அறுபது பெண்கள் போர்வைக்குள் சிரித்தபடி, மேளத்தோடு ஊர்வலமாக வந்தார்கள்.

"மூணு தொட்டிதான் இருக்கு, சண்டை போடாம குளிங்க!" என்று பெஹிஜே வழியனுப்பினாள்.

பெரிய குவிமாடத்தின் கண்ணாடித் துளைகள் வழியாக மத்தியான வெயில் தூண்தூணாக இறங்கியிருந்தது. குழந்தைகள் எட்டுத் தொட்டிக்கும் சிதறி ஓடினார்கள். குல்ஸுமைப் பளிங்கு மேடையைச் சுற்றி மூன்று முறை ஆட்டத்தோடு அழைத்துப்போய் நடுவே உட்கார வைத்தார்கள். பெஹிஜே செப்புக் கிண்ணத்தால் முதல் தண்ணீரை அவள் தலையில் ஊற்றி, கைகளை அகல விரித்தாள். பதினெட்டு வருஷத்தில் முதல்முறையாக அவள் முழங்கை யார் மேலும் இடிக்கவில்லை.